அடங்க மறுத்த ரத்தம்

சட்டை சூடாக இருந்தது.

கொடியிலிருந்து உருவித் தோளில் போட்ட பிறகுதான் நாஹிதுக்கு அது உறைத்தது. அவள் கணவன் ஹில்மியின் வெள்ளைச் சட்டை. அன்று காலையில்தான் துவைத்துப் பிழிந்து, அடுக்களை ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள். அலெக்சாந்திரியாவின் மழைக்காலத்தில் அந்தக் கொடியில் போட்ட துணி காய்வதற்குள் அடுத்த துவைப்பு வந்துவிடும். அப்போதும் காலரில் ஈரம் மிஞ்சியிருக்கும். இது சுத்தமாகக் காய்ந்திருந்தது. கழுத்துப் பட்டையிலும் அக்குளிலும் மட்டும் இளஞ்சூடு, யாரோ அப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி. பொத்தான்கள் எல்லாம் மேலிருந்து கீழ்வரை போட்டிருந்தன. பொத்தான் போட்டுத் துணி உலர்த்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஜன்னலுக்கு வெளியே மன்வர். அந்தப் பழைய கட்டடத்தின் நடுவயிற்றில், தரையிலிருந்து மொட்டைமாடி வரை செங்குத்தாக ஓடும் இடுக்கு அது. எல்லா வீட்டு அடுக்களைகளும் குளியலறைகளும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். வெளிச்சம் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயராம். அதற்குள் வெளிச்சம் விழுந்து நாஹித் பார்த்ததில்லை. அடியில் தகர டப்பாக்களும் உடைந்த பீங்கானும் கிடந்தன. அங்கே போவதற்கு இருந்த ஒரே கதவையும் எந்தக் காலத்திலோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

"வெந்நீர்க் குழாய் அந்தச் சுவத்துலதான் போகுது. அந்தச் சூடா இருக்கும்," என்றான் ஹில்மி. அவன் மின்சாரக் கம்பெனியில் பொறியாளர். எதற்கும் ஒரு குழாயோ கம்பியோ காரணமாக இருக்கும் அவனுக்கு.

"பொத்தான்?"

"நீயே போட்டிருப்ப. மறந்திருப்ப."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குள் முதலில் தீ வைத்தது. பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள் அவள். நைல் கடந்து வரும் அணைகளையும் நீர்வீழ்ச்சிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வாள். ஒரு சட்டைக்குப் பொத்தான் போட்டோமா இல்லையா என்பது அவளுக்கு மறந்திருக்குமாம்.

அதற்குப் பிறகு சத்தம் வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், குழாய்த் தண்ணீரின் இரைச்சலுக்கும், இரண்டு தெரு தள்ளி டிராம் வண்டி வளைவில் தேய்ந்து முனகும் ஓசைக்கும், ஏதோ ஒரு மாடியில் வானொலி செய்தி வாசிக்கிற குரலுக்கும் அடியில், மழைத் தண்ணீர் சொட்டுவதற்கும் அடியில், வாயைத் திறந்துகொண்டு யாரோ மெதுவாக மூச்சுவிடுகிற ஒலி கேட்கும். குழாயை மூடுவாள். அதுவும் நின்றுவிடும். அவள் காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் நிற்க, கீழே அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அசையாமல் நிற்கும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கூடவே ஒரு வாடை. நனைந்த கம்பளி, உள்ளங்கையில் வெகுநேரம் பொத்தி வைத்திருந்த செம்புக் காசு, கைக்குழந்தையின் சட்டையில் புளித்துப்போன பால்.

ஒரு சாயங்காலம் ஜன்னலில் எட்டி, "யாரு?" என்றாள்.

"யாரு?" என்று திரும்பி வந்தது.

எதிரொலி என்றால் உடனே வரவேண்டும். இது தயங்கி வந்தது. அவள் கேட்டது மிரட்டுகிற தொனியில். அது கேட்டது, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டதுபோல இருந்தது.

வாயில்காவலர் ஜாபிரைக் கூப்பிட்டாள். டார்ச்சோடு மேலே வந்தவர் அடுக்களை வாசல்படியோடு நின்றுகொண்டார். "பூனைங்கம்மா. சனியன் புடிச்ச பூனைங்க," என்றார். அவர் ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. டார்ச்சையும் போடவில்லை. கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனார்.

அந்த மாதத்திலேயே உடம்பு அவளை விட்டுக் கழன்றது. சோறு வாயில் காகித அட்டையைப்போலச் சுழன்றது. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு வெகு முன்னாலேயே, யாரோ உலுக்கி எழுப்பியதுபோல விழித்துக்கொள்வாள். நெஞ்சு கதவைத் தட்டுகிற மாதிரி அடிக்கும். பக்கத்தில் ஹில்மி சீராகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். எழுந்து போய், குளியலறைக்கு அடுத்த அறையில் தூங்கும் மகள் நிஹாலின் போர்வையை இழுத்துவிட்டு, விடியும்வரை அந்தக் கட்டிலின் காலடியிலேயே உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் ஒரு பெண் சிரித்ததற்குக் கரும்பலகைத் துடைப்பானை வீசிவிட்டாள். தலைமையாசிரியை ஹில்மிக்குப் போன் செய்தார்.

"நீ நீயா இல்ல," என்றான் ஹில்மி. "டாக்டர் ஸர்வத்கிட்ட ஒரு தடவை போய்ட்டு வரலாம். கீழ்வீட்டு இன்ஸாஃப் அக்காவ அவர்தான் எழுப்பி உட்கார வச்சாரு."

டாக்டர் ஸர்வத்தின் மருத்துவமனை ரம்ல் டிராம் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. வெண்ணெய் வாசம் படியேறி அவருடைய அறைவரை வந்தது. மெல்லிய விரல்கள், மென்மையான பேச்சு. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்திருந்தார். மேசைமேல் தடிமனான ஒரு வெள்ளிப் பேனா. பேசும்போது அதன் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"நாஹித் மேடம், சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கு. பயம் வந்தா, நெருக்கடி வந்தா, அது கார்டிசால்னு ஒண்ண ஊற வைக்கும். ராத்திரி ஒரு சின்ன மாத்திரை குடுப்போம். 'போதும், அடங்கு'ன்னு அந்த மாத்திரை மூளைக்குச் சொல்லும். நல்லா இருக்கறவங்க உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கிடும். மனச்சோர்வு நோய் முத்தினவங்க பல பேருக்கு அடங்காது. மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"ரத்தத்துல தெரியுமா?"

"அதுதானே விஷயம்! சோம்பேறி, நடிக்கிறா, ஈமான் பத்தல, இறைநம்பிக்கை இல்லன்னு எத்தனை பேரை வீட்டுலயே வச்சு வதைச்சிருக்காங்க! இனிமே ரத்தமே அவங்களுக்காகப் பேசும்."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. அவர் கெட்டவர் அல்ல. பின்னால் யோசித்தபோது நாஹிதுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. ஏனென்றால் அவள் அன்று நம்பிவிட்டாள். ரத்தம் சாட்சி சொல்லட்டும் என்று சந்தோஷமாகவே மாத்திரையை விழுங்கினாள், மறுநாள் மத்தியானம் சந்தோஷமாகவே கையை நீட்டினாள். ஊசி இறங்கியபோது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

முடிவு வந்ததும் கூப்பிட்டார்கள். டாக்டர் ஸர்வத் தாளை ஹில்மி பக்கம் திருப்பி வைத்துப் பேனாவால் ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

"அடங்கல. கொஞ்சங்கூட அடங்கல. மாத்திரையே போடாத மாதிரி நிக்குது."

"அப்ப நான் பொய் சொல்லல," என்றாள் நாஹித்.

"பொய்யே இல்ல மேடம். உங்களுக்கு நோய் இருக்கு. மன்வர்ல கேக்கற சத்தம், அந்த வாடை, எல்லாமே அதோட வேலைதான்."

அவள் நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டாள். பிறகு அவளுக்கே புதிதான ஒரு குரலில் பேசினாள்.

"என் ரத்தத்துல பயம் இருக்குன்னு காட்டிட்டீங்க, சரி. பயப்பட ஒண்ணும் இல்லன்னு யாரோட ரத்தத்துல பாத்தீங்க? யாராவது ஒருத்தர் வந்து அந்த மன்வரை எட்டிப் பாத்தீங்களா? வீடு பத்தி எரியும்போது மணி அடிச்சா, மணிக்கு வைத்தியம் பாப்பீங்களா?"

பேனா மூடி ஒரு சின்ன ஒலியோடு மாட்டிக்கொண்டது.

"மன்னிச்சுக்கங்க டாக்டர்," என்றான் ஹில்மி. "அவ இப்படிப் பேசறவ இல்ல."

மன்னிப்பு. அவளுக்காக. அவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும்போது. படியிறங்கி வரும்போது அந்த வெண்ணெய் வாசம் அவளுக்குக் குமட்டியது.

அன்று மாலை அவள் இன்ஸாஃபைத் தேடி ஒரு மாடி இறங்கிப் போனாள். இன்ஸாஃப் விதவை. கணவன் போன பிறகு ஒரு கோடைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள். இப்போது நீல வீட்டங்கி போட்டுக்கொண்டு, தலை வாரி, அடுக்களையில் நின்று பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை வலுத்திருந்தது. அவளுடைய மன்வர் ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது. விளிம்பு நனைந்து, ஈரம் சுவரில் வழிந்து, தரையில் குளமாகத் தேங்கியிருந்தது. நனைந்த கம்பளி வாடை. செம்புக் காசு.

"ஜன்னலை மூடுங்கக்கா."

"எதுக்கு கண்ணு? காத்து வரட்டும். காப்பி போடறேன், உட்காரு."

நாஹித் உட்காரவில்லை. "அக்கா, உங்களுக்கும் கேட்டுதா? முன்னாடி, நீங்க படுத்திருந்தப்ப?"

"கேட்காம?" இன்ஸாஃப் புன்னகைத்தாள். "அழுதுட்டே இருப்பேன். காதுல பஞ்சு அடைச்சுப்பேன். பாவம் என் மகன், ராவெல்லாம் முழிச்சிருப்பான். அப்புறம்தான் டாக்டர் மாத்திரை குடுத்தாரு. மறுபடியும் ரத்தம் எடுத்துப் பாத்தா, அடங்கியே போச்சு. பச்சைப்புள்ள மாதிரி தூங்குதுன்னாரு."

"அதுக்கப்புறம் அது போயிடுச்சா?"

"எது?"

"மன்வர்ல இருக்கறது."

"எங்க போகும்? இங்கதான் இருக்கு." பூண்டு நசுக்குவதை நிறுத்தாமல், மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்கு இப்ப அது ஒண்ணும் பண்ணறதில்ல, அவ்வளவுதான். வரும், பாக்கும், தொட்டுப் பாக்கும். இந்தா, இந்த அளவுதான் இருக்கியான்னு பாக்கற மாதிரி." தோளிலிருந்து மணிக்கட்டு வரை தன் கையைத் தானே நீவிக் காட்டினாள். தையல்காரன் நாடா பிடிப்பதுபோல. "கை மட்டும் ஜில்லுனு இருக்கும்."

நாஹித் படியேறி ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லெண்ணத்தில் நடந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தை அவள் கழிப்பறையில் கொட்டினாள். ஹில்மி வேறு வாங்கி வந்தான். அடுக்களை ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்தாள். புகை போக வழியில்லை, குழந்தை இருமுகிறாள் என்று ஹில்மி ஆணியைப் பிடுங்கினான். வீட்டை மாற்றலாம் என்று கெஞ்சினாள். தாத்தா காலத்து வாடகையில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டை எந்தப் பைத்தியம் விடும் என்று கேட்டுவிட்டு, வாயில் வந்த சொல்லுக்காக நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நிஹாலையாவது உன் அக்கா வீட்டுக்கு அனுப்பு. தந்தா ஊருக்கு அனுப்பு. இன்னைக்கே அனுப்பு."

"பெத்த பொண்ண இந்த வீட்ட விட்டு அனுப்பச் சொல்ற." ஹில்மியின் கண் கலங்கியது. "இதுவே உன் நோய்தான்னு உனக்குத் தெரியலையா நாஹித்?"

அவன் அழுதான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் பள்ளிப் பையில் நிஹாலின் துணிகளை அடைத்து, அவளையும் கூட்டிக்கொண்டு டிராம் ஏறி, உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தியின் வீட்டுக்குப் போனாள். நாஹிதின் பெற்றோர் உயிரோடு இல்லை. அண்ணன் குவைத்தில் இருந்தான். தோழி பயறும் சோறும் போட்டாள், படுக்கை விரித்தாள், முதுகைத் தடவிக்கொடுத்தாள். காலையில் நாஹித் கண் விழித்தபோது கூடத்தில் ஹில்மி உட்கார்ந்திருந்தான். தோழிதான் போன் செய்திருந்தாள். நல்லெண்ணத்தில்.

திரும்பி வரும் வழியில் ஹில்மி மெதுவாகச் சொன்னான். இன்னொரு முறை இப்படி நடந்தால், ஊருக்கு வெளியே இருக்கிற அந்த மனநல ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும்; டாக்டரிடம் பேசிவிட்டானாம்.

நாஹித் டிராம் கண்ணாடியில் தலையைச் சாய்த்து யோசித்தாள். தன்னைக் கொண்டுபோய் அடைத்துவிட்டால், அந்த வீட்டில் நிஹாலோடு இருக்கப்போவது ஹில்மி மட்டும். எந்தச் சத்தமும் கேட்காதவன். எந்த வாடையும் தெரியாதவன். குளியலறைக்கு அடுத்த அறையில் குழந்தை தூங்குவாள். அவன் குறட்டை விடுவான்.

அன்றிரவு அவள் மாத்திரையை அவன் கண் முன்னாலேயே விழுங்கினாள்.

ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். பயத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். கோபத்தைக் கொடுப்பதில்லை. பயம் போனாலும் கோபம் இருந்தால், ஜன்னல் பக்கம் கண் போகும், குழந்தை பக்கம் கை போகும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து ஊதினாள். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த ஹில்மி. பேனா மூடியின் சத்தம். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்ட மன்னிப்பு. முதுகைத் தடவிய கையாலேயே போனைச் சுழற்றிய தோழி. கனல் மாதிரி இருந்தன எல்லாம். உள்ளங்கை எரியும்வரை வைத்துக்கொண்டிருந்தாள்.

மன்வர் சுவரில் அடையாளங்கள் ஏறிக்கொண்டிருந்தன. நீளமான ஈரக் கைத்தடங்கள், விரல் நுனிகள் மேல்நோக்கி இருந்தன. முன்பு இன்ஸாஃபின் ஜன்னலுக்குக் கீழே பார்த்தாள். பிறகு இன்ஸாஃபின் ஜன்னலை ஒட்டி. பிறகு அதற்கு மேலே.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. முதலில் தூக்கம் வந்தது. பசி வந்தது. பாவாடையிலிருந்து ஊக்கை எடுத்தாள். வகுப்பில் பெண்கள் சிரித்தால் அவளும் சிரித்தாள். தலைமையாசிரியை கைகுலுக்கினார். ஹில்மி வெள்ளிக்கிழமை மீன் வாங்கி வந்து தானே பொரித்தான். மூன்று பேரும் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்தார்கள். அவன் நல்லவன் என்று அவளுக்குத் தோன்றியது. உடனே பதறிப்போய்க் கோபத்தைத் தேடினாள். சட்டை, சிரிப்பு. இருந்தது. ஆனால் சூடு குறைந்திருந்தது.

அந்த வாரம்தான் இன்ஸாஃபைக் காணவில்லை. இப்போது தமன்ஹூரில் வேலை பார்க்கும் மகன் வந்து கதவை உடைத்தான். அடுப்பில் கெண்டி கருகிப்போயிருந்தது. செருப்பு வாசலில் இருந்தது. பணப்பை, மூக்குக் கண்ணாடி, மாத்திரைப் பொட்டலம் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மன்வர் ஜன்னல் திறந்து கிடந்தது. போலீஸ்காரர்கள் கீழே விளக்கு அடித்துப் பார்த்தார்கள். தகர டப்பா. உடைந்த பீங்கான். உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சாயங்காலம் நாஹித் துணி எடுக்கப் போனாள். அவளுடைய கொடியில் இன்ஸாஃபின் நீல வீட்டங்கி தொங்கியது. கழுத்துவரை பொத்தான் போட்டு. காய்ந்து. சூடாக.

அதை எடுத்து மடித்து, தன் அலமாரியில் தன் துணிகளோடு அடுக்கி வைத்தாள்.

வெகுநேரம் கழித்து, நிஹாலுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது, தான் அலறியிருக்க வேண்டும் என்று நினைவு வந்தது. சீப்பைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். அலறல் வருமா என்று. நெஞ்சைக் கவனித்தாள். அமைதியாக இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. வியப்பும் போய்விட்டது.

அவசரமாகக் கோபத்தைத் தேடினாள். பேனா: அழகான பேனா அது. தோழி: பாவம், பயந்திருப்பாள். மன்னிப்பு: வேறு யார் கேட்பார்கள் அவளுக்காக? ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சாம்பல். எல்லாம் சாம்பல். அடியில் ஒரே ஒரு பொறி மிச்சம் இருந்தது. 'மறந்திருப்ப' என்று ஹில்மி சொன்ன அந்த ஒரு சொல். அதை மூடி மூடிக் காப்பாற்றினாள். இரவில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மறந்திருப்ப. மறந்திருப்ப. மறந்திருப்ப. ஒரு நாள் காலையில் அது எதைப் பற்றிச் சொன்னது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஸர்வத் இந்த முறை தாளை அவள் பக்கமே திருப்பி வைத்தார்.

"அடங்கிடுச்சு! பாருங்க மேடம், நீங்களே பாருங்க. சொன்ன பேச்சைக் கேக்குது."

"நல்லது டாக்டர்," என்றாள்.

கெய்ரோவில் நடக்கப்போகும் மாநாட்டில் அவளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டார். பெயர் சொல்ல மாட்டாராம். ஹில்மி அவள் தோளில் கை போட்டுக்கொண்டான். கீழே பேக்கரியில் ரவையில் செய்த பஸ்பூசா இனிப்பு வாங்கினான். வெண்ணெய் வாசம் இனிமையாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் கடல் புயல் வந்தது. மத்தியானமே இருட்டிவிட்டது. கம்பி அறுந்து மின்சாரம் போய், ஹில்மியை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பள்ளி விடுமுறை. காற்று மாடிக்கதவுகளை அறைந்தது. கடலின் உப்பு ஜன்னல் இடுக்கு வழியாக நாக்குவரை வந்தது. மன்வருக்குள் நுழைந்த காற்று அடியாழத்திலிருந்து மொட்டைமாடிவரை ஒரே மூச்சாக ஊளையிட்டு ஏறியது. நாஹித் கூடத்து மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க நிஹால் அடுக்களைக்குப் போனாள்.

ஊளை நின்றது. காற்று வெளியே அடித்துக்கொண்டுதான் இருந்தது. மன்வரில் மட்டும் நின்றது.

கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது.

நிஹால் ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வெறுங்காலில் ரத்தம். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"அம்மா... ஜன்னல்ல... இன்ஸாஃப் அத்தை."

"அத்தை திரும்பி வந்துட்டாங்களா?"

"அத்தை இல்லம்மா!" குழந்தை அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள். "அது அத்தையப் போட்டுக்கிட்டு இருக்கு!"

நாஹித் அடுக்களை வாசலைப் பார்த்தாள்.

வாடை முதலில் வந்தது. அப்புறம் ஈரக் காலடி. உடைந்த கண்ணாடிமேல் மிதித்தது. நிற்கவில்லை.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்ஸாஃபின் முகம். இன்ஸாஃபின் கைகள், ஆனால் அளவு சரியில்லை. மணிக்கட்டில் தோல் சுருங்கி மடிந்து கிடந்தது. விரல் நுனிகள் காலியாகத் தொங்கின. கண்ணிருந்த இடத்துக்குள், கொஞ்சம் உள்ளே தள்ளி, வேறு ஏதோ அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கீழே பார்த்தது. குழந்தையை. தலையிலிருந்து கால்வரை.

நிஹாலின் நெஞ்சு நாஹிதின் உள்ளங்கைக்கு அடியில் அடித்தது. பிடிபட்ட குருவிபோல. எவ்வளவு வேகம். முதுகெல்லாம் வேர்த்திருந்தது. இது நல்லதில்லை, இந்த வயதிலேயே இப்படி அடங்காமல் துடிப்பது. ஹில்மி வந்ததும் சொல்ல வேண்டும்.

"பயப்பட ஒண்ணும் இல்லடா கண்ணு."

அது உள்ளே வந்தது. இரண்டு கைகளையும் விரித்தது. காலியான விரல்கள் ஆடின.

"அம்மா வேணாம்! அம்மா! அம்மா!"

"சத்தம் போடாத. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா?" நாஹித் குனிந்து, மகள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "போ. போய் அத்தைக்கு ஸலாம் சொல்லு."

பிறகு, தன் பாவாடையை இறுகப் பற்றியிருந்த அந்தச் சின்ன விரல்களை, வலிக்காமல், ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.